குபோலாவா, இண்டக்‌ஷனா, அல்லது அதற்கு முன்னால் வேறொன்றா: சின்ன பவுண்டரிக்கு ஒரு கணக்கு

கோவையில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிக் காஸ்டிங் செய்கிற சின்ன பவுண்டரிக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஃபர்னஸில்தான் வந்து நிற்கும். கோக் எரித்து உருக்கும் குபோலாவை மூடிவிட்டு, கரண்டில் உருக்கும் இண்டக்‌ஷனுக்குப் போய்விடலாமா, இல்லை இருக்கிற குபோலாவையே திருத்தி இன்னும் பத்து வருஷம் ஓட்டலாமா? ஒரு பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஒரு பக்கம் கோக் (நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் எரிபொருள்) விலை, இன்னொரு பக்கம் ‘உங்கள் காஸ்டிங் டன்னுக்கு எவ்வளவு கார்பன்?’ என்று கேட்டு மெயில் அனுப்பும் ஏற்றுமதி வாடிக்கையாளர். ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2023 அக்டோபரில் அறிக்கைக் கட்டமாகத் தொடங்கியதிலிருந்து அந்தக் கேள்வி, வரிக்குள் நேரடியாக வராத பொருள் செய்கிறவர்களிடமும் வருகிறது. இப்படி எல்லாப் பக்கமும் நெருக்கும்போது பெரிய மெஷின் ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு பவுண்டரியை மனதில் வைத்துக்கொள்வோம். கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் நிறையப் பேர் நடத்துகிற அளவுதான். மாதம் 60 டன் நல்ல காஸ்டிங் விற்கிறது. மோட்டார் பாடி, பம்ப் கேசிங், கொஞ்சம் வால்வு பாகம், பெரும்பாலும் எஃப்ஜி 200 என்னும் கிரே அயர்ன் (சாதாரண வார்ப்பிரும்பு) தரம், ஈரக் களிமண் கலந்த மணலில் அச்செடுக்கும் கிரீன் சேண்ட் மோல்டிங், ஒரு குபோலா, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊற்று. யீல்டு 60 சதவீதம். அதாவது 100 கிலோ உருக்கி ஊற்றினால் 60 கிலோதான் காஸ்டிங்காக நிற்கும், மீதி ரன்னர் (இரும்பு ஓடும் வழி), ரைசர் (இறுகும்போது சுருங்குவதை நிரப்பும் கூடுதல் இரும்பு) என்று உடைபட்டு மறுபடி உலைக்கே போகும். அந்த 60 கிலோவிலும் 8 சதவீதம் ரிஜெக்‌ஷன். பெருக்கிப் பார்த்தால், ஒரு டன் நல்ல காஸ்டிங் விற்பதற்கு சுமார் 1.81 டன் உருக்குகிறோம். 60 டன் விற்க 109 டன். உருகும்போது எரிந்து போகிற உலோகத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

சரி, முதலில் இருக்கிற குபோலா. அதைத் திட்டுவது சுலபம், ஆனால் அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலீடு குறைவு, கரண்ட் ப்ளோயருக்குப் போதும், துருப்பிடித்த ஸ்கிராப்பையும் ஏற்றுக்கொள்ளும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோதும் ஒரு ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு குபோலாக்காரர் ஊற்றினார். குறை என்னவென்றால் கோக். பழைய குபோலா பலவற்றில் ஒரு கிலோ கோக்குக்கு ஏழு கிலோ இரும்பு என்ற கணக்குதான், அதாவது டன்னுக்கு 140, 150 கிலோ. நம் ஊர் கோக்கில் சாம்பல் நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும், கந்தகம் கோக்கிலிருந்து இரும்புக்குள் இறங்கும். உலையைத் திறந்து முதலில் எடுக்கும் இரும்பும் கடைசியில் எடுக்கும் இரும்பும் சூட்டிலும் ஒன்றாக இருக்காது, கெமிஸ்ட்ரியிலும் ஒன்றாக இருக்காது. புகையைப் பொறுத்தவரை மணிக்கு 3 டன்னுக்குக் குறைவாக உருக்கும் குபோலாவுக்குக் கன மீட்டருக்கு 450 மில்லிகிராம் தூசி, அதற்கு மேல் போனால் 150, கந்தக டை ஆக்சைடு 300 என்பது மத்திய விதி. வெறும் சிம்னியை மட்டும் வைத்துக்கொண்டு இதை எட்டுவது கஷ்டம்.

அடுத்தது டிவைடட் பிளாஸ்ட் குபோலா. வழக்கமான குபோலாவில் காற்று உள்ளே போகும் டுயர் ஒரே வரிசை. கீழே கோக் எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு மேலே ஏறும்போது சூடான கோக்கோடு மறுபடி சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும், மாறும்போது வெப்பத்தை விழுங்கிவிடும். அப்படியே சிம்னி வழியாக வெளியே போனால் நாம் காசு கொடுத்து வாங்கிய கோக்கின் ஒரு பங்கு வீண். இரண்டாவது வரிசை டுயரைச் சுமார் ஒரு மீட்டர் மேலே வைத்து, காற்றைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த மோனாக்சைடு அங்கே எரிந்து வெப்பத்தை இரும்புக்குத் தருகிறது. பிரிட்டனின் வார்ப்பிரும்பு ஆராய்ச்சிக் கழகம் செய்து காட்டிய வேலை இது: அதே சூட்டுக்குக் கோக் 20 முதல் 30 சதவீதம் குறையும், அல்லது அதே கோக்குக்கு 45, 50 டிகிரி சூடு கூடும். இந்தியாவில் எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனமான டெரி 1998இல் ஹவுராவில் ஒரு பவுண்டரியில் புகையைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஸ்க்ரப்பரோடு சேர்த்து இதை நிறுவிக் காட்டியது. அங்கே பழைய குபோலா மோசமான நிலையில் இருந்ததால் மிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போனது.

இதில் ஒரு எச்சரிக்கை. பக்கத்து ஃபேப்ரிகேஷன் கடையில் சொல்லி மேலே நான்கு துளை போட்டு ஒரு பைப்பை இணைத்துவிட்டு ‘டிவைடட் பிளாஸ்ட்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வரிசைக்கும் தனித்தனியாகக் காற்றை அளக்க வழி வேண்டும், உலையின் விட்டத்துக்கு ஏற்ற ப்ளோயர் வேண்டும், ஷாஃப்ட் உயரம் போதுமானதாக இருக்க வேண்டும், கோக்கையும் இரும்பையும் கூடையால் அளக்காமல் எடை போட்டு உலைக்குள் போட (சார்ஜ் செய்ய) வேண்டும். இவை இல்லாமல் துளை மட்டும் போட்டால் கோக் மிச்சமாகாது, உலையின் உட்பூச்சான லைனிங்தான் சீக்கிரம் அரிக்கும்.

இண்டக்‌ஷன் பக்கம் வருவோம். சுத்தம், வேகம், கெமிஸ்ட்ரி நம் கையில், சார்ஜிங் மேடையில் நிற்கிறவர் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்ன ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்று நினைக்கிறவன் நான். எஸ்ஜி அயர்ன் (மக்னீசியம் சேர்த்துச் செய்யும், எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) ஆர்டர் இருக்கிறது என்றால் பேச்சே இல்லை. மக்னீசியம் போடுவதற்கு முன் கந்தகம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குபோலா இரும்பில் அது 0.1ஐத் தொடும். கந்தகத்தை எடுக்க இன்னொரு கட்டம் வைத்து எஸ்ஜி செய்யும் பெரிய ஆலைகள் உலகில் உண்டு, மாதம் 60 டன் கடைக்கு அது சரிவராது.

ஆனால் இண்டக்‌ஷன் விற்க வருகிறவர் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று உலோகம் சார்ந்தது. குபோலாவில் நாம் திட்டுகிற அந்தக் கந்தகம், சாதாரண கிரே அயர்னில் கிராஃபைட் நன்றாக முளைக்க உதவுகிறது. இண்டக்‌ஷனில் ஸ்டீல் ஸ்கிராப்பும் கார்பன் கூட்டும் கார்புரைசரும் போட்டு உருக்கினால் கந்தகம் 0.05க்குக் கீழே இறங்கிவிடும், அதிக சூட்டில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால் முளைக்கும் சக்தியும் போய்விடும். விளைவு: மெல்லிய ஓரமெல்லாம் வெள்ளையாக இறுகி, மெஷின் ஷாப்பில் டூல் உடைகிறது என்று போன் வரும். இதற்கு மருந்து உண்டு. கொஞ்சம் அயர்ன் சல்ஃபைடு சேர்த்துக் கந்தகத்தை 0.06, 0.08க்குக் கொண்டுவருவது, ஊற்றும்போது கிராஃபைட்டை முளைக்கவைக்கும் ஃபெரோசிலிகான் இனாகுலன்ட் போடுவது, போட்ட பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் ஊற்றி முடிப்பது. ஃபர்னஸ் மாறினால் வேலை செய்யும் பழக்கமும் மாற வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு இது சிரமமில்லை.

இன்னொன்று கரண்ட் பில். அரை டன் ஃபர்னஸுக்கு 400 கிலோவாட் பவர் பேக் என்று வைத்தால், மற்ற மெஷின்களும் சேர்ந்து 450 கேவிஏ உயர் அழுத்த இணைப்பு தேவை. இணைப்பின் அளவுக்குக் கட்டும் நிலைக்கட்டணமான டிமாண்ட் சார்ஜ் ஒரு கேவிஏவுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டி என்று போட்டால், ஒரு யூனிட் ஓடாவிட்டாலும் மாதம் 2.7 லட்சம் வரை கட்ட வேண்டிவரும். 60 டன் விற்கிற கடைக்கு அது டன்னுக்கு 4,500 ரூபாய். இதே ஃபர்னஸில் மாதம் 200 டன் விற்றால் 1,350தான். இதற்கு மேல் உருக்கும் கரண்ட், டன்னுக்கு 550 முதல் 650 யூனிட், யூனிட் ஏழு ரூபாய்க்கு மேல். காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 பீக் ஹவரில் உருக்கினால் 25 சதவீதம் கூடுதல். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு கோவை சிறுதொழில்காரர்கள் கதவடைப்பு வரை போனதற்கு இந்த நிலைக்கட்டணமும் பீக் ஹவர் கட்டணமும்தான் முக்கியக் காரணம். ஆகவே ஆர்டர் அளவு இல்லாமல் இண்டக்‌ஷன் வாங்குவது, ஓடாத லாரிக்கு டிரைவர் சம்பளம் கொடுப்பது மாதிரி.

இப்போது பசுமைக் கணக்கு. இதைப் போட்டுப் பார்க்காமலேயே ‘இண்டக்‌ஷன் என்றால் கிரீன்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

கோக் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 2.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டன்னுக்கு 150 கிலோ கோக் என்றால் 420 கிலோ. நன்றாக ஓடும் டிவைடட் பிளாஸ்டில் 100 கிலோ கோக், 280 கிலோ. இண்டக்‌ஷனில் 600 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ என்று வைத்தால் 430 கிலோ. அதாவது அரசுக் கரண்டில் ஓடும் இண்டக்‌ஷனும் பழைய குபோலாவும் கார்பனில் கிட்டத்தட்ட சமம், டிவைடட் பிளாஸ்ட் இரண்டையும் விடக் குறைவு! நம் சிம்னியில் வந்த புகை அனல்மின் நிலையச் சிம்னிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கணபதியில் வீட்டுக்கு வீடு தூசி படிவது நின்றுவிடும், அது பெரிய நன்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்பது கார்பன் எண்.

காற்றாலையோ சூரிய மின்சாரமோ வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் காற்றாலை போட்ட மில்கள் கோவையில் ஏராளம். தனியாகக் காற்றாலை போட முடியாத சின்னவர்கள், பலர் பங்கு போட்டுத் தங்களுக்கே மின்சாரம் எடுக்கும் குரூப் கேப்டிவ் முறையில் சேரலாம். பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், 51 சதவீத மின்சாரத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005 மின்சார விதி. அப்படி ஒரு ஏற்பாடு கையில் இருக்கிறவருக்கு இண்டக்‌ஷன்தான் சரி, சந்தேகமே வேண்டாம்.

ஃபர்னஸைவிடப் பெரிய எண் ஒன்று சார்ஜில் ஒளிந்திருக்கிறது. தாதுவிலிருந்து எடுத்த புது இரும்பான பிக் அயர்ன். ஒரு டன் பிக் அயர்ன் நம் கேட்டுக்குள் வருவதற்கு முன்பே பிளாஸ்ட் ஃபர்னஸில் ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு வருகிறது. ஒரு டன் நல்ல காஸ்டிங்குக்குள் போகும் புது உலோகத்தில் 300 கிலோ பிக் அயர்னை எடுத்துவிட்டு ஸ்டீல் ஸ்கிராப் போட முடிந்தால் 600 கிலோ குறையும்; நாம் உருக்குவதற்குச் செலவழிக்கும் கார்பனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். குபோலாவில் ஸ்டீல் சேர்க்கலாம், கோக்கிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் சூடு இறங்கும், கோக் கூடும். இண்டக்‌ஷனில் முழுக்க ஸ்டீல் ஸ்கிராப்பிலேயே ஓட்டலாம், நல்ல கார்புரைசர் இருந்தால். இண்டக்‌ஷனுக்கு உண்மையான பசுமைச் சாதகம் இங்கேதான் இருக்கிறது.

இனி நான் முதலில் செய்யச் சொல்லும் மூன்றாவது வழி. ஃபர்னஸைத் தொடாமல் யீல்டையும் ரிஜெக்‌ஷனையும் தொடுவது. 60 சதவீத யீல்டை 68 ஆக்கி, 8 சதவீத ரிஜெக்‌ஷனை 4 ஆக்கினால், ஒரு டன் நல்ல காஸ்டிங்குக்கு உருக்க வேண்டியது 1.81 டன்னிலிருந்து 1.53 டன்னாக இறங்கும். 60 டன் விற்க 109க்குப் பதில் 92 டன். மாதம் 17 டன் உருக்கவே வேண்டாம்! அதற்குரிய கோக், மணல், மோல்டரின் உழைப்பு, ஊற்றுக்காரரின் வியர்வை எல்லாம் மிச்சம். கார்பனிலும் பாருங்கள்: பழைய குபோலா, யீல்டு திருத்திய பிறகு, ஒரு டன் நல்ல காஸ்டிங்குக்கு 640 கிலோ. புத்தம்புது இண்டக்‌ஷன், அரசுக் கரண்ட், பழைய யீல்டு: 780 கிலோ. கோடி ரூபாய் போட்டவர் பின்தங்குகிறார்.

எப்படித் திருத்துவது? ஒரே பெட்டியில் இரண்டு காஸ்டிங் வைத்ததை ஒரே ரன்னரில் நான்காக வைப்பது, தேவைக்கு மேல் பருத்த ரைசரைக் குறைப்பது, சூடு போகாமல் தடுக்கும் இன்சுலேட்டிங் ஸ்லீவ் போட்டுச் சின்ன ரைசரிலேயே வேலையை முடிப்பது. கணினியில் ஊற்றிப் பார்க்கும் சிமுலேஷன் இப்போது சின்னவர்களுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது; ஐஐடி பம்பாயின் இ-பவுண்டரி தளத்தில் காஸ்டிங் வடிவமைப்புப் பாடங்கள் இருக்கின்றன, படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மென்பொருளுக்குப் பணம் கொடுங்கள். மணலில் ஈரத்தையும் மோல்டு கடினத்தையும் தினமும் அளந்து எழுதினாலே காஸ்டிங்கில் வாயுவால் விழும் புளோ ஹோல் கணிசமாகக் குறையும். ஊற்றுக்கு முன் ஆப்பு வடிவச் சில்லை ஊற்றி உடைத்துப் பார்க்கும் வெட்ஜ் டெஸ்டுக்குச் செலவே கிடையாது, ஓரம் வெள்ளையாகுமா என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஆனால் இதையெல்லாம் யார் கண்டுபிடித்துச் சொல்வது என்பதில்தான் பெரும்பாலான பவுண்டரி கோட்டை விடுகிறது. காஸ்டிங்கைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கில் ரைசரைச் சுத்தியலால் தட்டி உடைக்கிறவருக்கு எந்த ரைசர் அநாவசியமாகத் தடிமன் என்று கை வலியிலேயே தெரியும். காஸ்டிங்கின் உள்குழிவுக்கான மணல் கோர் வைக்கிற பெண்ணுக்கு எந்தக் கோர் ஆடுகிறது என்று தெரியும். மோல்டருக்கு எந்தப் பேட்டர்ன் மணலைப் பிய்த்துக்கொண்டு வருகிறது என்று தெரியும். டயோட்டா 1951இல் தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கி அதை எழுபது வருஷத்துக்கு மேல் விடாமல் நடத்துகிறது. நம் நாட்டில் பொதுத்துறை நிறுவனமான பெல் (BHEL) 1980களின் தொடக்கத்தில், தொழிலாளர்களே கூடித் தரக் கோளாறுகளைப் பேசித் தீர்க்கும் குவாலிட்டி சர்க்கிளைக் கொண்டுவந்தது. இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு என்று நாம் ஒதுக்கிவிட்டோம். முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில்தான் இது இன்னும் சுலபம், முதலாளி தினமும் அந்த மணலில்தான் நடக்கிறார்.

தடையாக இருப்பது இரண்டு. ரிஜெக்ட் ஆனால் கூலியைப் பிடிப்பது முதல் தடை. பீஸ் ரேட்டில் அப்படிப் பிடிக்கிற இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், கோளாறான பெட்டி சத்தமில்லாமல் ஊற்றுக்குப் போகும், மெஷின் ஷாப்பில்தான் தெரியவரும். சந்தேகப்படுகிற மோல்டை மூடுவதற்கு முன்பே ‘இது சரியில்லை’ என்று ஒதுக்கிவைப்பவருக்கு முழுக் கூலியும் கொடுங்கள். உடைத்த மணலை மறுபடி இடிக்கலாம், ஊற்றிய பிறகு கண்டுபிடித்தால் உருக்கிய செலவும் போச்சு. இரண்டாவது தடை மொழி. நம் பவுண்டரிகளில் இன்று கடினமான வேலையைச் செய்கிறவர்களில் நிறையப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் உத்தரவு போகிறது, யோசனை திரும்பி வருவதில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் நடுவில் உட்காரவைத்து, அந்த வாரத்து ரிஜெக்ட் காஸ்டிங்கை மேஜையில் வைத்து, ‘இது ஏன் இப்படி ஆச்சுங்க?’ என்று கேளுங்கள். சொன்ன யோசனையில் ஒன்றையாவது அடுத்த வாரமே செய்து பார்த்து, பலித்தால் சொன்னவர் பெயரைப் பலகையில் எழுதி, மிச்சமான பணத்தில் ஒரு பங்கைக் கையில் கொடுங்கள். இதற்குப் பெட்டி, படிவம் எதுவும் வேண்டாம்.

மணலைப் பற்றிச் சுருக்கமாக. கிரீன் சேண்ட் நடத்துகிறவர் புது மணலைக் குறைக்க வேண்டுமானால் நல்ல கூலரும் சல்லடையும்தான் முதல் முதலீடு, ரெசின் மணலுக்குத்தான் மணலை மீட்டெடுக்கும் ரெக்ளமேஷன் மெஷின் கட்டுப்படியாகும். சோடியம் சிலிகேட் போட்ட கோர் மணல் திரும்ப வருவது கஷ்டம், அதைத் தனியாகப் பிரித்துக் கொட்டுங்கள், கலந்தால் நல்ல மணலையும் கெடுக்கும்.

ஆக, மேலே சொன்ன கடைக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் ஆறு மாதம் யீல்டு, ரிஜெக்‌ஷன் இரண்டையும் பாகம் பாகமாக எழுதிக் குறைக்கவும். எஸ்ஜி ஆர்டர் இல்லை, மாதம் நூறு டன்னைத் தாண்டும் வாய்ப்பும் இல்லை என்றால் ஒழுங்கான டிவைடட் பிளாஸ்டும் ஸ்க்ரப்பரும் போதும், அதற்கு மேல் கடன் வாங்க வேண்டாம். எஸ்ஜி ஆர்டர் கையில் இருக்கிறது, அல்லது காற்றாலைப் பங்கு கிடைக்கிறது, அல்லது குடியிருப்பு நெருங்கி வந்து குபோலாவுக்கே அனுமதி கேள்விக்குறியாகிவிட்டது என்றால் இண்டக்‌ஷன். மூன்றாவது காரணம் கற்பனை இல்லை. தாஜ்மகாலைச் சுற்றி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 292 ஆலைகளை எரிவாயுவுக்கு மாறு, இல்லாவிட்டால் இடம் மாறு என்றபோது ஆக்ரா பவுண்டரிகளுக்கு கோக்கே இல்லாமல் போனது.

இண்டக்‌ஷன்தான் என்று முடிவானால், இறங்கிவிட்ட யீல்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சைஸைத் தேர்ந்தெடுங்கள். 109 டன்னுக்குப் பார்த்த ஃபர்னஸும் 92 டன்னுக்குப் பார்க்கும் ஃபர்னஸும் ஒன்றல்ல, சின்னது போதும் என்றால் ஒவ்வொரு மாதமும் டிமாண்ட் சார்ஜ் குறையும். மூடியோடு வாங்குங்கள், மூடி போடாமல் உருக்கினால் சூடு கூரைக்குத்தான் போகும். டன்னுக்கு இத்தனை யூனிட் என்று விற்பவர் சொல்லும் எண்ணை அவருடைய சுத்தமான ஸ்கிராப்பில் இல்லாமல், உங்கள் யார்டில் கிடக்கும் ஸ்கிராப்பில், உங்கள் ஊற்று நேரத்தில் உருக்கிக் காட்டி, அதற்கென்று தனி மீட்டர் வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.